சாஸ்கச்சவான்ல கூஸ் வேட்டை: விவசாயிகிட்ட பெர்மிஷன் வாங்குறது எப்படி, முழு வழிகாட்டி

கனடாவோட ப்ரெய்ரிங்குற சமவெளி மாகாணங்கள் பக்கம் செப்டம்பர் பொறந்துட்டா கூஸுக்கு (பெரிய காட்டு வாத்து) பஞ்சமே கிடையாது. ஆர்க்டிக்ல குஞ்சு பொரிச்சு முடிச்சுட்டு தெக்க போற வழியில கனடா கூஸ், ஸ்னோ கூஸ், ஸ்பெக்கிள்பெல்லின்னு சொல்ற வெள்ளை நெத்தி கூஸ் எல்லாம் சாஸ்கச்சவான் வயல்கள்ல கூட்டம் கூட்டமா இறங்கும், ஆனா இறங்குற இடம் முக்காவாசி யாரோ ஒருத்தர் கோதுமையோ பட்டாணியோ போட்ட சொந்த நிலம், நம்ம ஆளுங்க மாட்டிக்கிறது அங்கதான். பிஏஎல்ங்குற துப்பாக்கி லைசென்ஸ் வாங்கி, ஹன்டர் எஜுகேஷன் முடிச்சு, டிகாய் (பொம்மைப் பறவை), பிளைண்டு (மறைஞ்சு உக்கார்ற மறைப்பு)ன்னு காசை கொட்டி எல்லாம் ரெடி பண்ணிட்டு, ஒரு விவசாயி வீட்டு கதவை தட்ட கூச்சப்பட்டுக்கிட்டு சீசன் பூரா வண்டியிலயே சுத்திட்டு வெறுங்கையோட வர்றவங்க நிறைய பேர் இருக்காங்க.

இந்த பதிவு அந்த கதவு தட்டுற வேலையை பத்தி மட்டும்தான், துப்பாக்கி எது ஷெல் (தோட்டா) எதுங்குறதெல்லாம் வேற கதை. முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க. பெரும்பாலான விவசாயிக்கு நீங்க கூஸ் சுடுறதுல ஒரு ஆட்சேபமும் இல்ல, சில வருஷம் அவரே வந்து சுட்டுட்டு போங்கப்பான்னு சொல்ற நிலைமையில இருப்பாரு. அவரோட கவலை எல்லாம் முன்ன பின்ன தெரியாத ஒருத்தன் வண்டியோட வயலுக்குள்ள வர்றானேங்குறதுதான். அந்த கவலைக்கு அவர் கேக்குறதுக்கு முன்னாடியே நீங்க பதில் சொல்லிட்டா பாதி வேலை முடிஞ்சிரும்.

சட்டம் என்ன சொல்லுது

சாஸ்கச்சவான்ல ரொம்ப காலம் ஒரு பழக்கம் இருந்துச்சு, நிலத்துல வேட்டை கூடாதுன்னு போர்டு இல்லன்னா நடந்து உள்ள போகலாம்னு. 2022 ஜனவரி 1ல இருந்து அது கிடையாது. போர்டு இருக்கோ இல்லையோ, வேலி இருக்கோ இல்லையோ, முன்கூட்டியே சம்மதம் வாங்கணும். வாய்வார்த்தையா இருந்தாலும் சரி, எழுத்துல இருந்தாலும் சரி, மெசேஜ்ல இருந்தாலும் சரி. "வேட்டைக்கு அனுமதி உண்டு"ன்னு நிலத்துக்காரரே போர்டு வச்சிருந்தா அதுவும் சம்மதம்தான். இன்னும் பழைய பழக்கத்துலயே பேசுற சீனியர் வேட்டைக்காரங்க இருக்காங்க, அவங்க பேச்சை நம்பி இறங்கிராதீங்க.

இன்னொண்ணு, ஆள் குடியிருக்குற வீட்டுக்கு 500 மீட்டருக்குள்ள வேட்டையாடணும்னா அந்த வீட்டுக்காரரோட சம்மதமும் வேணும். வயல்காரர் ஓகே சொன்னாலும் ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருக்குற வீடு வேற ஒருத்தரோடதா இருக்கும், இதை நிறைய பேர் மறந்துடுறாங்க. மத்தபடி ஃபெடரல் மைக்ரேட்டரி பேர்ட் பெர்மிட் (மத்திய அரசோட வலசைப் பறவை வேட்டை அனுமதி), அதுல ஹேபிடட் ஸ்டாம்ப், மாகாண லைசென்ஸ், ஈயம் இல்லாத ஷாட், துப்பாக்கில மூணு ஷெல்லுக்கு மேல போகாத மாதிரி பிளக்ங்குற அடைப்பு, இதெல்லாம் கையில இருக்குன்னு வச்சுக்கிட்டுதான் மேல பேசுறேன். லிமிட்டும் தேதியும் வருஷா வருஷம் மாறும், அந்த வருஷத்து கையேட்டை பாருங்க.

பக்கத்து மாகாணம் ஆல்பர்ட்டாவுக்கு போறீங்கன்னா அங்க வேட்டைக்கு நிலத்துல விட காசு கொடுக்குறதும் வாங்குறதும் சட்டப்படி குற்றம். நம்ம ஊர் பழக்கத்துல நோட்டை நீட்டிடாதீங்க, சாஸ்கச்சவான்லயும் தான். விவசாயி அதை மரியாதையா எடுத்துக்க மாட்டாரு, பேச்சு அதோட முடிஞ்சிரும்.

முதல்ல கூஸ், அப்புறம்தான் ஆள்

சும்மா போய் "உங்க நிலத்துல எப்பவாவது வேட்டைக்கு வரலாமா"ன்னு கேக்குறவனுக்கு பெரும்பாலும் நோ தான் வரும், ஏன்னா அவர் எதுக்கு ஒத்துக்குறார்னு அவருக்கே தெரியாது. "நேத்து சாயங்காலம் உங்க பட்டாணி அறுத்த வயல்ல, வடகிழக்கு மூலையில, ஒரு ஐநூறு கூஸ் மேஞ்சுட்டு இருந்துச்சு, நாளைக்கு காலைல ஒரு தடவை வரட்டுமா"ன்னு கேட்டா அது வேற பேச்சு. அதனால ஸ்கௌட்டிங்தான் முதல் வேலை.

கூஸ் ராத்திரி தண்ணியில தங்கும், ஏரியோ ஸ்லூன்னு சொல்ற குட்டையோ ஆத்து மணல் திட்டோ. விடியுறப்போ கிளம்பி வயலுக்கு வந்து மேயும், காலைல கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப தண்ணிக்கு போயிரும், அப்புறம் மத்தியானம் சாய்ஞ்சதும் மறுபடி வயலுக்கு வந்து இருட்டுற வரைக்கும் திங்கும். தொந்தரவு இல்லாம இருந்தா சாயங்காலம் விட்ட அதே இடத்துக்குத்தான் மறுநாள் காலைல வரும். ஆக நீங்க சாயங்காலம் தண்ணிப்பக்கம் இருந்து கிளம்புற கூட்டத்தை கிரிட் ரோட்ல (வயல்களுக்கு நடுவுல கட்டம் கட்டமா போற ரோடு) பின்தொடர்ந்து போய், எங்க இறங்குதுன்னு ரோட்ல இருந்தே பைனாகுலர்ல பாத்து, அந்த புள்ளியை போன் மேப்ல குறிச்சுக்கணும். வயலுக்குள்ள கால் வைக்கவே கூடாது, பாக்கத்தானே போனேன்னு சொன்னாலும் அதுவும் அத்துமீறல்தான், போதாக்குறைக்கு கூட்டமும் பறந்துரும்.

அறுத்த பார்லி, கோதுமை, பட்டாணி வயல்தான் அதுங்களுக்கு பிடிக்கும். மழையால அறுவடை தள்ளிப்போன வருஷத்துல, அறுத்து வரிசையா போட்டு இன்னும் கம்பைன்ங்குற அறுவடை மெஷினை விட்டு கதிரடிக்காத ஸ்வாத் மேல கூஸ் இறங்கி மிதிச்சு திண்ணு அசிங்கம் பண்ணிரும், மாகாண பயிர் இன்சூரன்ஸ் கார்ப்பரேஷன்ல இதுக்கு நஷ்டஈடு இருக்கு, இருந்தாலும் யாருக்கு அது பிடிக்கும். அந்த மாதிரி வயல்காரர்தான் உங்களுக்கு சீக்கிரமா யெஸ் சொல்லுவாரு. ஆனா ஸ்வாத் மேல வண்டி ஏத்துனீங்கன்னா கூஸ் பண்ணுன நஷ்டத்தை விட உங்க நஷ்டம் பெருசாயிரும்.

கூட்டத்துல ஹூப்பிங் கிரேன் இருந்தா அந்த வயலை விட்டுருங்க. வெள்ளை உடம்பு, கருப்பு இறக்கை நுனி, தூரத்துல அரையிருட்டுல ஸ்னோ கூஸ் மாதிரியே ஏமாத்தும், ஆனா நீளமான கழுத்தும் பின்னாடி நீட்டிக்கிட்டு வர்ற காலும் காட்டிக் கொடுத்துரும். உலகத்துல மிஞ்சி இருக்குறதே சில நூறு பறவைதான், அதுல பெரும்பகுதி இலையுதிர் காலத்துல இந்த மாகாணம் வழியாத்தான் போகுது.

அந்த வயல் யாரோடது

இங்கதான் புதுசா வந்தவங்க தலைசுத்தி உக்காந்துருவாங்க, ஆனா ப்ரெய்ரி நில அளவை மாதிரி நேரா ஒண்ணு உலகத்துலயே கம்மி. மொத்த நிலமும் சதுரமா வெட்டி வச்சிருக்கு. ஒரு டவுன்ஷிப்னா 6 மைலுக்கு 6 மைல், அதுக்குள்ள 36 செக்‌ஷன். ஒரு செக்‌ஷன் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். அதை நாலா வெட்டுனா குவார்ட்டர், 160 ஏக்கர். விவசாயிங்க பேசுறதெல்லாம் குவார்ட்டர் கணக்குலதான். செக்‌ஷன் நம்பர் தென்கிழக்கு மூலையில 1ன்னு ஆரம்பிச்சு மேற்கால 6 வரைக்கும் போய், மேல ஏறி 7ல இருந்து திரும்ப கிழக்கால வரும், இப்படியே வளைஞ்சு வளைஞ்சு 36ல முடியும்.

முகவரி எப்படி இருக்கும்னா "தென்மேற்கு 14-31-20 மேற்கு 3". மூணாவது மெரிடியன்ங்குற வடக்கு தெற்கு அளவைக் கோட்டுக்கு மேற்கால 20வது ரேஞ்ச் (வடக்கு தெற்கா போற டவுன்ஷிப் வரிசை), 31வது டவுன்ஷிப், அதுல 14வது செக்‌ஷனோட தென்மேற்கு குவார்ட்டர்னு அர்த்தம், பின்னாடி இருந்து படிச்சா புரியும். பொதுவா வடக்கு தெற்கா ஓடுற ரோடு மைலுக்கு ஒண்ணு, கிழக்கு மேற்கா ஓடுறது ரெண்டு மைலுக்கு ஒண்ணு, அதனால ரோட்டை எண்ணியே எங்க நிக்கிறோம்னு கண்டுபிடிச்சிரலாம்.

யார் பேர்ல இருக்குன்னு தெரிய ரூரல் முனிசிபாலிட்டி மேப் வேணும், எல்லாரும் ஆர்எம் மேப்னு சொல்லுவாங்க. ஆர்எம் ஆபீஸ்லயே காசு கொடுத்து வாங்கலாம், ஒவ்வொரு குவார்ட்டர்லயும் உரிமையாளர் பேர் போட்டிருக்கும். ஐஹன்டர் ஆப்ல அதே மேப்பை லேயரா வாங்கி ஜிபிஎஸ் புள்ளியோட பாக்கலாம், ரோட்ல நிக்கிறப்போ அதுதான் வசதி. நான் ரெண்டுமே வச்சிருப்பேன், சிக்னல் செத்துப்போற இடத்துலதான் நல்ல கூஸ் இருக்கும்.

ஆனா மேப்ல இருக்குற பேர் பாதி நேரம் உங்களுக்கு உதவாது. நிலம் ஒரு கம்பெனி பேர்ல இருக்கும், இல்ல ரிஜைனாவுல ரிட்டயர் ஆகி உக்காந்திருக்குற ஒரு பாட்டி பேர்ல இருக்கும், உழுறவர் குத்தகைக்கு எடுத்த வேற ஒருத்தர். நீங்க பேச வேண்டியது பயிர் வைக்கிறவர்கிட்ட, சட்டமும் நிலத்தை கையில வச்சிருக்குறவரோட சம்மதத்தை ஏத்துக்குது. அவரை கண்டுபிடிக்க வழி என்னன்னா பக்கத்துல இருக்குற யார்டுக்கு (பண்ணை வீடும் கொட்டகையும் இருக்குற வளாகம்) போய் கேக்குறதுதான். அதுவும் கிடைக்கலன்னா ஊர்ல இருக்குற கோ-ஆப் பெட்ரோல் பங்க், தானியம் சேமிக்கிற எலிவேட்டர், காபி கடை, எங்க கேட்டாலும் "ஓ அது இன்னாரோட மருமகன் பாக்குறான்"னு ஒரு நிமிஷத்துல சொல்லிருவாங்க. கிராமம்னா எல்லா ஊர்லயும் கிராமம்தான்.

ஹட்டரைட் (கூட்டா வாழ்ந்து விவசாயம் பண்ற ஒரு கிறிஸ்தவ சமூகம்) காலனி நிலமா இருந்தா தனி ஆள் யாரும் முடிவு சொல்ல மாட்டாங்க, விவசாயத்தை பாத்துக்குற ஃபார்ம் பாஸ் யாருன்னு கேட்டு அவர்கிட்ட பேசணும். ஞாயித்துக்கிழமை போகவே போகாதீங்க, சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்னாடி பிரார்த்தனை இருக்கும் அந்த நேரமும் வேண்டாம். பெரிய பெரிய நிலம் அவங்களோடது, ஒரு தடவை நல்ல பேர் வாங்கிட்டா பல செக்‌ஷன் உங்களுக்கு திறக்கும்.

எப்போ கேக்குறது

அறுவடை நேரத்துல விவசாயிக்கு தூக்கமே கிடையாது. பனி காயுற வரைக்கும் கம்பைன் ஓடாது, அதனால காலைல 9ல இருந்து 11 வரைக்கும் ஆள் யார்டுலயே மெஷினுக்கு டீசல் போட்டு கிரீஸ் அடிச்சுட்டு இருப்பாரு, அப்போ ரெண்டு நிமிஷம் பேச முடியும். அதை விட நல்ல நேரம் மழை பெய்ஞ்ச மறுநாள், வேலை ஓடாது, ஆள் வீட்ல சும்மா இருப்பாரு, காபி கூட கிடைக்கலாம். சாயங்காலம் கூஸை பாத்துட்டு அன்னைக்கே கேக்கணும்னா ராத்திரி 9 மணிக்குள்ள போன் பண்ணிருங்க, அவர் கம்பைன் கேபின்ல இருந்தா கூட எடுப்பாரு, எடுக்கலன்னா ஒரே ஒரு மெசேஜ். விடிகாலை 5 மணிக்கு கதவை தட்டுறது மட்டும் எந்த காலத்துலயும் கூடாது. ஓடிட்டு இருக்குற கம்பைனை கை காட்டி நிறுத்துறதும் அப்படித்தான், அதுக்கு பேசாம போயிரலாம்.

ஆகஸ்ட்லயே, சீசனுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை போய் முகத்தை காட்டிட்டு வர்றது ரொம்ப நல்லது. அப்புறம் செப்டம்பர்ல போன் பண்றப்போ நீங்க முன்ன பின்ன தெரியாத ஆள் இல்ல.

யார்டுக்குள்ள போறது

இதை கொஞ்சம் சீரியஸா சொல்றேன். கிராமத்து பக்கம் திருட்டு அதிகம், டீசல், டூல்ஸ், குவாடு (நாலு சக்கர பைக்)ன்னு எதையும் விட மாட்டாங்க, அதனால தெரியாத வண்டி உள்ள வந்தா சந்தேகத்தோடதான் பாப்பாங்க. 2016ல பிகர் பக்கத்துல ஒரு பண்ணை யார்டுக்குள்ள வண்டியில வந்த, க்ரீங்குற பூர்வகுடியை சேர்ந்த இளைஞர் ஒருத்தர் சுட்டுக் கொல்லப்பட்டார், 2018ல அந்த விவசாயியை ஜூரி விடுதலை பண்ணுச்சு, அந்த காயம் இந்த மாகாணத்துல இன்னும் ஆறல. மேல சொன்ன 2022 அத்துமீறல் சட்டத்தை ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் (பூர்வகுடி) தலைவர்கள் எதிர்த்ததுக்கும் இந்த பின்னணி உண்டு. பயமுறுத்துறதுக்கு சொல்லல, ஆனா நம்ம மாதிரி கருப்பு முகம் நாலு பேர் கேமோங்குற வேட்டை உடுப்பு போட்டுக்கிட்டு ஒரு பிக்கப்ல இருட்டுறப்போ உள்ள போனா எப்படி தெரியும்னு கொஞ்சம் யோசிங்க.

பகல்ல போங்க, மெதுவா ஓட்டுங்க, வீட்டு முன்னாடி ஆள் கண்ணுல படுற மாதிரி நிறுத்துங்க. சாதா சட்டை போட்டுட்டு போங்க. துப்பாக்கியை அன்னைக்கு வீட்லயே விட்டுட்டு போறது உத்தமம். ஒருத்தரோ ரெண்டு பேரோ போதும், மனைவியோ பிள்ளையோ கூட வந்தா இன்னும் நல்லது, எல்லாருக்கும் இறுக்கம் குறையும். நாய் ஓடி வரும், வந்தா வண்டியிலயே உக்காந்து ஆள் வர்ற வரைக்கும் காத்திருங்க. யாரும் வரலன்னா கொட்டகை பின்னாடி எல்லாம் போய் தேடாம, ஒரு சீட்டுல பேரும் போன் நம்பரும் எழுதி கதவுல செருகிட்டு கிளம்பிருங்க.

என்ன பேசுறது

நீளமா பேசாதீங்க. பேர் சொல்லுங்க, எங்க இருக்கீங்க என்ன வேலைன்னு சொல்லுங்க, எந்த வயல்ல என்ன பாத்தீங்கன்னு சொல்லுங்க, எத்தனை பேர் எத்தனை வண்டி எந்த நாள்னு சொல்லிட்டு கேளுங்க. இப்படி:

"வணக்கம், நான் சாஸ்கட்டூன்ல இருந்து வர்றேன், பேர் இன்னது, ஆஸ்பத்திரியில லேப்ல வேலை. நேத்து சாயங்காலம் ரோட்டுக்கு வடக்க உங்க பார்லி வயல்ல நிறைய கூஸ் பாத்தேன். நாளைக்கு காலைல நானும் என் ஃப்ரெண்டும் மட்டும் வந்து சுடலாமா? வண்டியை ரோட்லயே விட்டுட்டு நடந்து போயிக்கிறோம். மத்தியானத்துக்குள்ள கிளம்பிருவோம்."

அவ்வளவுதான். "நடந்து போயிக்கிறோம்"ங்குற வார்த்தைக்கு இருக்குற பலம் வேற எதுக்கும் இல்ல. பெரும்பாலும் அவரே "பரவாயில்ல, காஞ்சுதான் கிடக்கு, வண்டியை கொண்டு போய் சாமானை இறக்கிட்டு வெளிய எடுத்துரு"ன்னு சொல்லுவாரு. அவரா சொன்னா போங்க.

பேச்சு வளந்தா நமக்குன்னு ஒரு விஷயம் இருக்கு. கனடாவோட மைசூர் பருப்புல பெரும்பகுதி சாஸ்கச்சவான்ல விளையுறதுதான், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கப்பல்ல போகுது. லென்டில் போடுற விவசாயிகிட்ட "உங்க பருப்பைத்தான் நாங்க வீட்ல தினமும் சமைக்கிறோம்"னு சொல்லிப்பாருங்க, முகமே மாறும், அவர் பெரும்பாலும் அதை சாப்பிட்டே இருக்க மாட்டாரு, எப்படி சமைக்கிறீங்கன்னு கேப்பாரு. நடிப்பு வேண்டாம், உண்மையா இருந்தா மட்டும் சொல்லுங்க.

யெஸ் சொன்னதும் இதையெல்லாம் கேட்டுக்கணும்: எந்த குவார்ட்டர் வரைக்கும் உங்களோடது, எந்த வழியா உள்ள போகணும், மாடு இருக்கா, வேற யாருக்காவது நாளைக்கு சரின்னு சொல்லியிருக்கீங்களா, ஏதாவது ஒரு பக்கம் வின்டர் வீட் (இலையுதிர் காலத்துல விதைக்கிற கோதுமை) விதைச்சிருக்கா. கடைசி கேள்வி முக்கியம், முளைச்ச பயிரை புல்லுன்னு நினைச்சு மிதிச்சுட்டு வர்றவங்க உண்டு. அப்புறம் வீட்டுக்கு வந்ததும் "நாளை காலை தென்மேற்கு 14ல ரெண்டு பேர், சிவப்பு டொயோட்டா, ரொம்ப நன்றி"ன்னு ஒரு மெசேஜ் அனுப்பி அவர் சரின்னு பதில் போட்டா அதை வச்சுக்கோங்க. கன்சர்வேஷன் ஆபீசர் கேட்டா காட்டலாம், அவர் மகனோ பக்கத்து வீட்டுக்காரரோ வந்து யாருப்பா நீங்கன்னு கேட்டாலும் காட்டலாம்.

அவர் பயப்படுற விஷயங்கள்

கனோலாங்குற எண்ணெய்வித்து பயிர் போடுறவர்னா கிளப்ரூட். வேர்ல வர்ற நோய், 2003ல எட்மன்டன் பக்கத்து கனோலாவுல கண்டுபிடிச்சாங்க, மண்ணோட ஒட்டிக்கிட்டு டயர்லயும் பூட்ஸ்லயும் ஒரு வயல்ல இருந்து இன்னொரு வயலுக்கு போகும், அந்த வித்து மண்ணுக்குள்ள வருஷக்கணக்கா சாகாம கிடக்கும். நீங்களா "வண்டியையும் பூட்ஸையும் கழுவிட்டுத்தான் வருவோம்"னு சொன்னா, இவனுக்கு விஷயம் தெரியுதேன்னு அவர் நிமிர்ந்து பாப்பாரு. சொன்னா செய்யணும், காய்ஞ்ச மண் கட்டியோட போய் நின்னா சொல்லாம இருந்ததை விட மோசம்.

தீ இன்னொண்ணு. காய்ஞ்ச தாள் நிக்கிற வயல்ல சூடான எக்ஸாஸ்ட் உரசுனா போதும், காத்து அடிச்சா ஒரு செக்‌ஷனே போயிரும். நெருப்பு அணைப்பானும் ஒரு மண்வெட்டியும் வண்டியில இருக்கட்டும், சிகரெட் கூடவே கூடாது.

ஈரம் இருந்தா வண்டியை உள்ள விடவே வேண்டாம், அவர் சரின்னு சொல்லியிருந்தாலும் சரி. டயர் தடம் பதிஞ்சா அடுத்த வசந்தத்துல விதைக்கிறப்போ ஒவ்வொரு தடவையும் அந்த பள்ளத்துல சீடர்ங்குற விதைக்கிற மெஷின் குலுங்கும், ஒவ்வொரு குலுங்கலுக்கும் உங்களைத்தான் நினைப்பாரு. ஏப்ரல் மே மாசம் ஸ்னோ கூஸுக்கு வசந்த கால சீசன் இருக்கு, அப்போ நிலம் சொத சொதன்னு இருக்கும், அந்த நேரத்துல நடைதான், வேற பேச்சே இல்ல.

கேட் எப்படி இருந்துச்சோ அப்படியே விடணும், திறந்திருந்தா திறந்து, மூடியிருந்தா மூடி. படுக்குறதுக்கு குழி தோண்டுறது கேக்காம கூடாது. காலி ஷெல் ஒவ்வொண்ணா பொறுக்கணும், அடுத்தவன் போட்டதையும் சேர்த்து.

நோ சொன்னா

சிரிச்சுக்கிட்டே நன்றி சொல்லிட்டு வாங்க. காரணம் கேக்காதீங்க, அவுட்ஃபிட்டருக்கு (காசு வாங்கி வேட்டைக்கு கூட்டிட்டு போறவர்) வாக்கு கொடுத்திருக்கலாம், மகன் வர்றதா இருக்கலாம், போன வருஷம் எவனோ வயலை நாசம் பண்ணிட்டு போயிருக்கலாம். ஒண்ணே ஒண்ணு கேக்கலாம், "பக்கத்துல யாருக்காவது கூஸ் தொந்தரவு இருக்கா?" இந்த கேள்விக்கு நல்ல பலன் உண்டு, மறுத்தவரே போன் நம்பர் கொடுத்து, நான் சொன்னேன்னு சொல்லுன்னு அனுப்புவாரு.

தண்ணியில தங்குற இடத்துல சுடட்டுமான்னு கேக்காதீங்க. அவர் சரின்னு சொன்னாலும் அது முட்டாள்தனம், ராத்தங்கல்ல சுட்டா மொத்த கூட்டமும் அந்த பகுதியை விட்டே போயிரும், சுத்து வட்டாரத்துல வேட்டையாடுறவன் எல்லாம் உங்களை திட்டுவான்.

வேட்டை அன்னைக்கும் அப்புறமும்

சொன்ன ஆளுக்கு மேல ஒருத்தர் கூட வரக்கூடாது. "மச்சான் நானும் வரேன்"னு ராத்திரி 11 மணிக்கு போன் பண்றவனுக்கு இல்லைன்னு சொல்ற தைரியம் வேணும், அது உங்க பேரு, அவன் பேர் இல்ல. ஒரு நாளைக்கு கேட்டா ஒரு நாள்தான், மறுநாளுக்கு மறுபடி கேளுங்க. போட்டோ போடுறப்போ யார்டு, தானியம் கொட்டி வைக்கிற கிரெய்ன் பின், ரோடு போர்டு எதுவும் தெரியக்கூடாது, லொக்கேஷன் கண்டிப்பா கூடாது, அடுத்த நாள் அவர் வீட்டு வாசல்ல அஞ்சு வண்டி நிக்கும்.

முடிச்சதும் போற வழியில நின்னு நன்றி சொல்லுங்க, இல்ல மெசேஜ் போடுங்க, எத்தனை கிடைச்சுதுன்னு சொல்லுங்க, வேலி அறுந்து கிடந்ததை பாத்தீங்கன்னா அதையும் சொல்லுங்க. கூஸ் வேணுமான்னு கேளுங்க, வேணும்னா சுத்தம் பண்ணி நெஞ்சுக்கறியா கொடுங்க, இறகோட ஒரு சாக்கு பறவையை யாரும் விரும்ப மாட்டாங்க. அப்படியே முழுசா கொடுக்குறதா இருந்தா உங்க பேர், பெர்மிட் நம்பர், சுட்ட தேதி மாதிரி விவரம் எழுதின சீட்டு பறவையோட இருக்கணும்னு ஃபெடரல் விதி. சுட்டதை வீணாக்கி வீசுறதும் 2022ல வந்த புது விதிப்படி குற்றம்.

டிசம்பர்ல ஒரு கார்டோட ஒரு டப்பா முறுக்கோ மிக்சரோ கொண்டு போய் கொடுங்க. கிறிஸ்துமஸ் நேரத்துல எல்லாரும் குக்கீ கொடுக்குறப்போ மிக்சர் கொடுத்தவனை அந்த குடும்பம் மறக்கவே மறக்காது. காரம் மட்டும் குறைச்சு வைங்க.

போன்ல நம்பரை சேவ் பண்றப்போ வெறும் பேர் மட்டும் போடாம குவார்ட்டர் நம்பர், மனைவி பேர், நாய் பேர், எந்த கேட் வழியா போகணும்னு எல்லாத்தையும் எழுதி வைங்க. அடுத்த ஆகஸ்ட்ல திரும்ப கூப்பிட்டு கேளுங்க, போன வருஷ சம்மதம் போன வருஷத்தோட முடிஞ்சிருச்சு. நடுவுல நிலம் கைமாறியிருக்கும், குத்தகைக்காரர் மாறியிருப்பாரு, அப்படின்னா புது ஆள் யாருன்னு பழையவர்கிட்டயே கேட்டு, நம்பர் வாங்கி, முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.